விலைபோன சீட்டு

ரம்மியில் தோற்றவர் தன் தலைவிதியை நொந்துகொள்ளலாம், சீட்டைக் கலைத்துப் போட்டவரைத் திட்டலாம். சீட்டுக்கட்டு தயாரித்த கம்பெனிக்குக் கடிதம் எழுத மாட்டார். 52 சீட்டும் எல்லோருக்கும் பொது. ஜோக்கர் யார் கைக்குப் போகும் என்பது அதிர்ஷ்டம். ஆனால் ஜோக்கரைக் கடையில் காசு கொடுத்து வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆட உட்காரலாம் என்று ஒரு விதி இருந்தால்? தோற்றவர் கம்பெனிக்குக் கடிதம் எழுதுவார். ஜோக்கரின் வலிமையைக் குறைக்கச் சொல்வார். காசு கொடுத்து வாங்கியவரும் எழுதுவார். தொடாதே என்பார்.

இந்த இரண்டு கடிதங்களுக்கும் நடுவே அகப்பட்டுத் தவித்த விளையாட்டு ஒன்று உண்டு. பெயர் ஆர்ட்டிஃபாக்ட். இருவர் கம்ப்யூட்டரில் எதிரெதிரே ஆடும் சீட்டாட்டம். தயாரித்தது அமெரிக்காவின் வால்வ் நிறுவனம். வடிவமைத்தவரோ இந்த வகை ஆட்டத்துக்கே பிதாமகர் என்று சொல்லத்தக்க ரிச்சர்ட் கார்ஃபீல்ட். பணம், அனுபவம், பெயர் எதற்கும் குறைவில்லை. இருந்தும் வெளிவந்த நான்கே மாதங்களில் படுத்துவிட்டது.

கார்ஃபீல்டின் கதை 1993ல் தொடங்குகிறது. கணிதம் படித்த அவர் உருவாக்கிய 'மேஜிக்: தி கேதரிங்' ஆட்டத்தில் பொதுச் சீட்டுக்கட்டு கிடையாது. ஆளுக்கொரு கட்டு. பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி, தனக்கு வேண்டிய சீட்டுகளைப் பொறுக்கி, தன் கட்டைத் தானே அமைத்துக்கொள்ள வேண்டும். சில சீட்டுகள் அளவுக்கு மீறி வலுவானவை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால் அச்சடித்த மையை அழிக்க முடியுமா? இந்தச் சீட்டு ஒன்றுக்கு மேல் கூடாது, அந்தச் சீட்டு போட்டியில் கூடவே கூடாது என்று 1994லேயே பட்டியல் போட ஆரம்பித்தார்கள். சீட்டு மாறவில்லை, அதை ஆடும் உரிமைதான் சுருங்கியது. தடை செய்யப்பட்ட சீட்டும் வாங்கியவரின் அலமாரியில் பத்திரமாக இருந்தது. சிலவற்றின் விலை பிற்பாடு ஏறவும் செய்தது.

கம்ப்யூட்டர் திரையில் இந்தச் சங்கடம் இல்லை. 2014ல் பிளிஸ்ஸார்ட் நிறுவனம் வெளியிட்ட ஹார்த்ஸ்டோன் அதைக் காட்டியது. இரண்டாவதாக ஆடுபவருக்கு ஒரு சீட்டும் ஒரு நாணயமும் கூடுதலாகக் கொடுத்து, முதலில் ஆடுபவரின் அனுகூலத்தைச் சரிக்கட்டப் பார்த்த ஆட்டம் அது. அதே வருடம் செப்டம்பரில், 2 புள்ளி செலவில் இறக்கக்கூடிய ஒரு கழுகுச் சீட்டின் செலவு 5 ஆக உயர்த்தப்பட்டது. ராத்திரி தூங்கப் போனவர் காலையில் எழுந்து பார்த்தால் கையிலிருந்த சீட்டு வேறு சீட்டு. கோபம் வராமல் இருக்க நிறுவனம் ஒரு வழி வைத்திருந்தது. ஆட்டத்துக்குள்ளேயே புழங்கும் 'தூள்' என்ற செலாவணியில், வலிமை குறைக்கப்பட்ட சீட்டுக்குக் கொஞ்ச நாள் முழு மதிப்பையும் திருப்பித் தந்தார்கள். சாதாரணமாக 400 தூள் பெறும் உயர்ரகச் சீட்டு, அந்த நாட்களில் மட்டும் 1600 பெறும். தூளைப் பணமாக்க முடியாது என்பதால் கஜானாவுக்கு நஷ்டமில்லை.

முறையீடுகள் ஓயவில்லை என்பது வேறு விஷயம். 2015 அக்டோபரில் வார்சாங் கமாண்டர் என்ற சீட்டு திருத்தப்பட்டபோது, அதனால் தோற்றுக்கொண்டிருந்தவர்கள் மகிழ்ந்தார்கள். மாதக்கணக்கில் அந்தச் சிக்கலான ஆட்டத்தைப் பழகித் தேர்ந்தவர்கள் கொதித்தார்கள். 2016ல் கூச்சல் தலைகீழாக எழுந்தது. பூசாரி வகுப்புக்குத் தரப்பட்ட 'ப்யூரிஃபை' என்ற சீட்டு வலுவானதாக இல்லை, உதவாக்கரையாக இருந்தது. ஆட்டத்தின் இயக்குநர் பென் ப்ரோட் வீடியோவில் தோன்றி விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. ஆட்டக்காரர்கள் திட்டியது ஒரு சீட்டை. அவர்களை உறுத்தியது அந்த வகுப்பே நெடுநாளாக நோஞ்சானாகக் கிடந்தது. நோயாளி வலிக்கும் இடத்தைச் சரியாகத்தான் காட்டுவார். மருந்துச் சீட்டையும் அவரே எழுதினால்தான் வம்பு.

வால்வ் இந்த வழியை விரும்பவில்லை. 'டோட்டா 2' என்ற தன் புகழ்பெற்ற ஆட்டத்தின் உலகத்தை வைத்து ஒரு சீட்டாட்டம் வரப்போகிறது என்று 2017 ஆகஸ்டில் சியாட்டில் நகரப் போட்டி அரங்கில் அறிவித்தது. புதிதாக ஏதோ பெரிய விளையாட்டு என்று காத்திருந்த கூட்டம், சீட்டாட்டம் என்றதும் ஏமாற்றத்தில் முனகியது. வால்வ் அதைப் பொருட்படுத்தவில்லை. அதனிடம் ஒரு கொள்கை இருந்தது: கம்ப்யூட்டர் சீட்டும் அச்சிட்ட சீட்டைப் போல நிஜச் சொத்தாக இருக்க வேண்டும். வாங்கலாம், விற்கலாம். ஆகவே மிகவும் அவசியம் ஏற்பட்டாலொழிய எந்தச் சீட்டையும் திருத்துவதில்லை.

நேர்மையான வாக்குறுதிதான். இன்று 20 டாலர் கொடுத்து வாங்கும் பொருளை விற்றவனே நாளைக்கு வந்து மழுக்கிவிட்டுப் போனால் எப்படி இருக்கும்?

2018 நவம்பர் 28 அன்று ஆட்டம் வெளியானது. விலை 20 டாலர். அதற்கு இரண்டு ஆரம்பக் கட்டுகளும் 10 பாக்கெட்டுகளும் கிடைக்கும். மேற்கொண்டு பாக்கெட் ஒன்று ஏறக்குறைய 2 டாலர். அதில் 12 சீட்டுகள். ஆட்டமோ கெட்டிக்காரத்தனமானது. ஒரே நேரத்தில் மூன்று களங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கோபுரம். இரண்டு கோபுரங்களை வீழ்த்தினால் வெற்றி. கட்டுக்கு ஐந்து ஹீரோக்கள். இந்த ஹீரோக்களில்தான் வினை வந்தது. ஆக்ஸ், ட்ரோ ரேஞ்சர் என்ற இருவரும் மற்றவர்களைவிட வெளிப்படையாகவே வலுவானவர்கள். ஆகவே சந்தையில் விலை எகிறியது. ஒற்றை ஆக்ஸ் சீட்டு, முழு ஆட்டத்தின் விலைக்கு நிகராகப் போனது.

சீட்டுச் சந்தையின் விலைப்பட்டியல் இங்கே புகார்ப்பட்டியலாகவும் ஆகிவிட்டது. எந்தச் சீட்டு அநியாயமானது என்று அறிய ஆட்டக்காரர்களைக் கேட்க வேண்டியதே இல்லை, விலையைப் பார்த்தால் போதும். தோற்றவர் எதிராளியின் திறமையைப் பார்க்கவில்லை. அவருடைய பர்ஸைப் பார்த்தார். பல நேரம் அது தப்பான கணிப்பாகவே இருந்திருக்கும், ஏனென்றால் ஆட்டத்தில் திறமைக்கு நிறையவே இடமிருந்தது. ஆனால் 20 டாலர் சீட்டிடம் தோற்றவரை அப்படிச் சொல்லித் தேற்ற முடியாது.

'சீட்டிங் டெத்' என்ற இன்னொரு சீட்டின் கதை வேறு விதம். அதைக் களத்தில் வைத்துவிட்டால், சாக வேண்டிய படைவீரர் ஒவ்வொருவரும் பிழைத்துக்கொள்ள 50 சதவீத வாய்ப்பு. கணக்குப்படி பார்த்தால் நீண்ட கால ஓட்டத்தில் யாருக்கும் அநியாயமில்லை. அதிர்ஷ்டத்தையும் அணைத்துக்கொண்டு ஆடுவதுதான் திறமை என்பது கார்ஃபீல்டின் கட்சி. ஆனால் அரைமணி நேரம் யோசித்து யோசித்துக் காய் நகர்த்தியவரின் கடைசி அடியை ஒரு நாணயச் சுண்டல் தின்றுவிடும்போது, அவர் நீண்ட கால ஓட்டத்தை நினைத்துப் பார்ப்பதில்லை. இதில் ஆட்டக்காரர்கள் பக்கமே நியாயம். சமநிலை என்பது பாதிக்குப் பாதி வெற்றி என்ற கணக்கு மட்டுமல்ல. தோற்றவர், தான் எங்கே தவறினோம் என்று பார்த்துக்கொள்ளவும் வழியிருக்க வேண்டும்.

வால்வ் செவிடாக இருந்துவிட்டது என்று சொல்ல முடியாது. வெளியீட்டுக்கு முந்தைய சோதனையில் எழுந்த அதிருப்தியைக் கேட்டு, காசு கட்டாமல் ஆடும் போட்டி முறையைச் சேர்த்தது. உபரிச் சீட்டுகளைப் போட்டு நுழைவுச்சீட்டு வாங்கவும் வழி செய்தது. டிசம்பர் 20 அன்று கொள்கையையே கைவிட்டது. ஆக்ஸும் ட்ரோ ரேஞ்சரும் வலிமை குறைக்கப்பட்டார்கள். சீட்டிங் டெத்திலிருந்து நாணயச் சுண்டல் போனது. நோஞ்சான் சீட்டுகள் சிலவற்றுக்குச் சத்து ஏற்றப்பட்டது. அந்த இரு ஹீரோ சீட்டுகளையும் வைத்திருப்பவர்கள் விரும்பினால், அறிவிப்புக்கு முந்தைய சந்தை விலைக்கு நிறுவனமே திரும்ப வாங்கிக்கொள்ளும் என்றும் சொன்னது. தூளில் அல்ல, ரொக்க மதிப்பில்.

திருத்தங்கள் நல்லவை, இதைப் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் வெளியாகி 22 நாட்களுக்குள் வாக்குறுதி போயிற்று. அதன்பின் எந்தச் சீட்டின் விலையை நம்பி யார் வாங்குவார்கள்? திருத்தாமல் இருந்தால் ஆட்டம் சலிக்கும், திருத்தினால் சந்தை சலிக்கும். சீட்டுக்கு விலை ஒட்டிய நாளிலேயே இந்த முடிச்சு விழுந்துவிட்டது. டிசம்பரில் அதை அவிழ்க்க நல்லெண்ணம் மட்டும் போதவில்லை. ஆர்ட்டிஃபாக்ட் தோற்றதற்கு இது ஒன்றே காரணமல்ல. ஆட்டம் நீளமானது, பார்ப்பவருக்குப் புரியாதது, ஹார்த்ஸ்டோன் இலவசமாகக் கிடைக்கும்போது இது வாசலிலேயே 20 டாலர் கேட்டது. எல்லாம் சேர்ந்துகொண்டன. முதல் நாளில் ஒரே சமயத்தில் 60 ஆயிரம் பேர் ஆடினார்கள். சில மாதங்களில் அது சில நூறாகச் சுருங்கியது. கார்ஃபீல்டின் ஒப்பந்தமும் முடிந்தது.

2019 மார்ச்சில் வால்வ், கோளாறு ஆழத்தில் இருக்கிறது, சின்னச் சின்னத் திருத்தங்களால் தீராது என்று அறிவித்துவிட்டு ஆட்டத்தைப் பிரித்துப்போட்டு மறுபடி கட்ட உட்கார்ந்தது. இரண்டாவது வடிவத்தில் சீட்டு விற்பனையே இருக்காது என்றது. அதுவும் முழுமை பெறவில்லை. 2021 மார்ச்சில் வேலை நிறுத்தப்பட்டு, பழைய வடிவம், பாதியில் நின்ற புதிய வடிவம் இரண்டும் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டன. பழைய ஆட்டத்தில் எல்லாச் சீட்டும் எல்லோருக்கும் உண்டு, ஆக்ஸ் உட்பட. முன்பு காசு கொடுத்து வாங்கியவர்களின் சீட்டுகள் மட்டும் 'சேகரிப்பாளர் பதிப்பு' என்று பெயர் மாற்றப்பட்டன. அவற்றைச் சந்தையில் விற்கலாம்.