இனிப்பு தீர்மானமாவது பிப்ரவரியில்

தில்லியில் வாழும் தமிழர்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட் பாதி சொந்த ஊர். முருங்கைக்காய், வாழை இலை, சின்ன வெங்காயம், மீன் என்று தலைநகரின் மற்ற சந்தைகளில் தேடி அலைய வேண்டியதெல்லாம் இங்கே சில சந்துகளுக்குள் கிடைத்துவிடும். கறிவேப்பிலைக் கட்டுக்குப் பக்கத்திலேயே தூதரகச் சமையல்காரர்கள் தேடி வரும் ப்ராக்கோலி இருக்கும். அந்த வரிசையில்தான் பச்சைத் தோகையோடு ஸ்வீட் கார்னும்.

மே மாத ஆரம்பத்தில் இங்கே வாங்கிய கதிர்கள் தேனாக இனித்தன. ஜூனில் அதே கடையில் வாங்கியவற்றில் பாதி மணிகளைக் காணோம். இருந்தவையும் வேகவைத்த மாவுபோல இருந்தன. விலை மட்டும் குறையவில்லை. குறைப்பட்டுக்கொண்டபோது கடைக்காரர் அலட்டிக்கொள்ளவில்லை. “அது வேற விதை, வேற தேதி, ஸார்” என்றார். சாக்குபோலத் தோன்றினாலும், ஒரு வேளாண் விஞ்ஞானியும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

ஸ்வீட் கார்ன் தனிப் பயிர் அல்ல. சர்க்கரையை மாவாக மாற்றும் மரபணுக்களில் ஒன்று வேலை செய்யாமல்போன மக்காச்சோளம், அவ்வளவுதான். பழைய ரகங்களில் இந்தக் குறைபாடு அரைகுறையானது. கதிரை ஒடித்த பிறகும் சர்க்கரை மாவாகிக்கொண்டே இருக்கும். கோடை வெப்பத்தில் ஒரே நாளில் பாதிக்கு மேல் போய்விடும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் லாக்னன், சுருங்கிப்போன மணிகள் கொண்ட ஒரு மக்காச்சோளம் அசாதாரணமாக இனிப்பதைக் கவனித்தார். இன்று ‘சூப்பர் ஸ்வீட்’ என்று விற்கப்படும் ரகங்களின் மூலம் அதுதான். இதில் சர்க்கரை பல மடங்கு அதிகம். பறித்த பின் எளிதில் குறைவதும் இல்லை. ஐஸ் பெட்டி இல்லாத கடைக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் கடைக்காரருக்கு வரமானது விவசாயிக்குச் சோதனை. மணியில் மாவு இல்லை என்றால் முளைக்கும் கருவுக்குச் சாப்பாடு இல்லை என்று பொருள். சுருங்கிய இந்த விதை, குளிர்ந்த ஈர மண்ணில் முளைக்காமல் அழுகிவிடும். பழைய இனிப்பு ரகத்துக்கு மண் சுமார் 13 டிகிரி சூடு இருந்தால் போதும். சூப்பர் ஸ்வீட்டுக்கு 16 டிகிரிக்கு மேல் வேண்டும். தில்லியைச் சுற்றியுள்ள வயல்களில் ஜனவரியில் அந்தச் சூடு கிடையாது. காத்திருக்கலாம் என்றால் எதிர்முனையில் கோடை நிற்கிறது. விதைத்து ஏறத்தாழ 2 மாதத்தில் பூக்கும் பயிர் இது. பூக்கும் நேரத்தில் வெயில் 40 டிகிரியை நெருங்கினால் மகரந்தம் காய்ந்துவிடும். கதிரில் தொங்கும் பட்டு இழைகளும் வறண்டுபோகும். ஒவ்வோர் இழையும் ஒரு மணிக்குச் சொந்தம். இழைக்கு மகரந்தம் சேராவிட்டால் அந்த மணி இல்லை. என் ஜூன் மாதக் கதிரின் பொக்கை வாய்க்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே வசந்தகாலப் பயிருக்கு வட இந்திய விவசாயியிடம் இருப்பது பிப்ரவரியை ஒட்டிய சில வாரங்கள் மட்டுமே. ரகம் எவ்வளவு இனிப்போ அவ்வளவுக்கு அந்த இடைவெளி குறுகுகிறது. அதிக விலை தரும் விதையே தேதி தவறினால் அதிகம் தண்டிக்கிறது.

இன்னொரு சிக்கல் பக்கத்து வயல். தானியத்துக்கோ தீவனத்துக்கோ போட்ட சாதாரண மக்காச்சோளத்தின் மகரந்தம் காற்றில் வந்து விழுந்தால், அந்த மணிகள் அதே கதிரிலேயே மாவு மணிகளாகிவிடும். (நம் ஊர் வெள்ளைச் சோளத்தால் இந்த ஆபத்து இல்லை, அது வேறு இனம்.) தப்பிக்க இரண்டே வழிகள்: சில நூறு மீட்டர் தள்ளிப் பயிரிடுவது, அல்லது இரண்டு வயல்களும் பூக்கும் காலத்தில் குறைந்தது இரண்டு வாரமாவது வித்தியாசம் வைப்பது. இரண்டு ஏக்கர்காரருக்கு முதல் வழி அடைபட்டது. இரண்டாவது வழி அண்டை வயல்காரரின் சம்மதத்தைப் பொறுத்தது.

தேதிக் கணக்கும் காலண்டரைப் பார்த்துப் போடுவதல்ல. குளிரில் 10 நாள் இடைவெளியில் விதைத்த இரண்டு பாத்திகள், வெயில் ஏற ஏற நெருங்கி வந்து சில நாள் வித்தியாசத்தில் ஒன்றாக முற்றிவிடும். பறிக்க ஆள் போதாது. சந்தையில் விலை சரியும். முதல் பாத்தி மூன்று இலை விட்ட பிறகே அடுத்ததை விதைப்பது நல்லது.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கும் இந்தக் கணக்குக்கும் பழைய உறவு உண்டு. தில்லியை அடுத்த சோனிபத் மாவட்டத்தின் அடெர்னா கிராமத்து விவசாயி கன்வல் சிங் சௌஹான், 1990களின் இறுதியில் பேபி கார்ன் பயிரிடத் தொடங்கியபோது, தன் விளைச்சலை விற்றது தலைநகரின் இத்தகைய சந்தைகளிலும் ஐந்து நட்சத்திர ஹோட்டல்களிலும்தான். பின்னர் ஊர் முழுவதும் அவரைப் பின்பற்றியது. பதப்படுத்தும் ஆலை வந்தது. 2019இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பேபி கார்னில் ஒரு சௌகரியம் உண்டு. பட்டு இழை எட்டிப் பார்த்த ஓரிரு நாளில், மகரந்தம் சேருமுன்பே பறித்துவிடுவார்கள். அயல் மகரந்தம் பற்றிக் கவலை இல்லை. சுமார் 2 மாதத்தில் நிலம் காலியாகிவிடும். ஸ்வீட் கார்னோ இழை வந்த பிறகு இன்னும் 3 வாரம் வயலில் நிற்க வேண்டும். அந்த 3 வாரத்தில்தான் விதைத்த தேதியின் தவறுகள் எல்லாம் வெளிப்படும்.

நல்ல ரகங்களுக்கு நம் ஆராய்ச்சி நிலையங்களில் பஞ்சமில்லை. ஹைதராபாத்திலிருந்து ‘மாதுரி’, ‘பிரியா’ ரகங்களும் ஹரியானா வேளாண் பல்கலைக்கழகத்தின் கர்னால் நிலையத்திலிருந்து ‘எச்.எஸ்.சி.1’ ஒட்டு ரகமும் வந்திருக்கின்றன. இல்லாதது, இந்த ரகத்தை இந்த வாரத்தில் இந்த மண்ணில் போடு என்று கிராமத்துக்கு ஏற்பச் சொல்லும் ஏற்பாடு. விதை பாக்கெட்டில் விலை பெரிதாக இருக்கிறது. மண்ணின் சூடு பற்றிய எச்சரிக்கையைத் தேட வேண்டியிருக்கிறது. மத்திய அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை காய்ந்த மக்காச்சோளத்துக்குத்தான். ஈரக் கதிருக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. தேதி தவறினால் நஷ்டம் முழுவதும் விதைத்தவர் தலையில்.

தமிழ்நாட்டு விவசாயிக்கு உறைபனிப் பயம் பெரும்பாலும் இல்லை. பல பருவங்களில் விதைக்கலாம். ஆனால் பெரம்பலூர்போல மானாவாரி மக்காச்சோளம் கடலாக விரிந்திருக்கும் இடத்தில் நடுவே அரை ஏக்கர் ஸ்வீட் கார்ன் போடுபவர் மகரந்தத்துக்கு எங்கே ஓடுவார்? 2018இல் இந்தியாவுக்குள் நுழைந்த படைப்புழு வேறு, பிந்தி விதைத்தவரின் இளம் பயிரைத்தான் அதிகம் தேடி வருகிறது. ஒரே ஊரில் ஒரே வாரத்தில் ஒரே ரகம் என்று விவசாயிகள் கூடிப் பேசி முடிவெடுப்பதே இதற்கு மலிவான மருந்து. வேளாண் அறிவியல் நிலையங்கள் முன்கை எடுத்தால் செலவே இல்லாமல் செய்யக்கூடிய காரியம் இது.

வாங்குகிற நமக்கும் ஒரு பங்கு உண்டு. பட்டு இழை பழுப்பாகி, தோகை பச்சையாக இருக்க வேண்டும். மணியில் நகம் பதித்தால் பால் வர வேண்டும். அப்படிப்பட்ட கதிருக்கு கடைக்காரர் இரண்டு ரூபாய் கூடக் கேட்டால் நான் இப்போது பேரம் பேசுவதில்லை. பிப்ரவரியில் யாரோ ஒருவர் மண்ணைத் தொட்டுப் பார்த்துக் காத்திருந்ததற்கான கூலி அது. அந்த இரண்டு ரூபாய் அவர் கைக்குப் போய்ச் சேருகிறதா என்பதைத்தான் அடுத்த முறை கடைக்காரரிடம் கேட்க வேண்டும்.