பூட்டை ஊருக்கெல்லாம் கொடுங்கள், சாவியைக் கொடுக்காதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. கணனி படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கடைசி வரை வாசியுங்கள். சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

என்னிடம் ஏ/எல் படித்த ஒரு தம்பி போன கிழமை வீட்டுக்கு வந்தான். இரண்டு வருடம் ஒரு கோர்ஸில் எழுதிய புரோகிராம்கள் எல்லாம் கிட்ஹப்பில் இருந்ததாம். வேலைக்கு இன்டர்வியூ வந்ததும் காட்டலாம் என்று திறந்தால், அவனுடையது ஒன்றுமே இல்லை. விசாரித்ததில் வகுப்பு முழுவதற்கும் ஒரே அக்கவுண்ட், ஒரே எஸ்எஸ்எச் சாவி. அந்தச் சாவிக் கோப்பை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். யாரோ ஒருவர் 'ஃபோர்ஸ் புஷ்' கொடுத்து, பழையதை எல்லாம் துடைத்துவிட்டார். இவனுடைய லெப்டொப் இடையில் பழுதாகி ஃபோர்மட் பண்ணியதால் கையிலும் கொப்பி இல்லை.

யார் செய்தது? கண்டுபிடிக்க வழியே இல்லை. கிட்ஹப்பைப் பொறுத்தவரை அந்த வகுப்பில் இருந்த அத்தனை பேரும் ஒரே ஆள்.

"சேர், லேசா இருக்கும்னுதான் அப்படிச் செஞ்சாங்க" என்றான். லேசு யாருக்கு? படிப்பித்தவருக்கு லேசு. இழந்தது பிள்ளை.

விளங்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஸ்எஸ்எச் சாவி என்பது இரண்டு கோப்புகள். ஒன்று பொதுச் சாவி, பெயரின் கடைசியில் 'பப்' என்று இருக்கும். மற்றது தனிச் சாவி. பெயர்தான் இரண்டுக்கும் சாவி. உண்மையில் முதலாவது பூட்டு, இரண்டாவதுதான் சாவி. பூட்டை கிட்ஹப்பில் மாட்டலாம், இன்னும் பத்து இடத்தில் மாட்டலாம், ஊரே பார்க்கலாம். சாவி உங்கள் கணனியை விட்டு வெளியே போகவே கூடாது. நீங்கள் கிட்ஹப்போடு இணையும்போதும் அது போவதில்லை. உங்கள் கணனி அந்தச் சாவியால் ஒரு கையொப்பம் போட்டு அனுப்புகிறது. கிட்ஹப் அதைப் பூட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, "ஆள் சரி" என்று உள்ளே விடுகிறது.

இது ஏன் வந்தது தெரியுமா? 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழினுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ ஒட்டுக்கேட்டு பாஸ்வேர்ட்களைத் திருடினார்கள். அங்கே இருந்த டாட்டு இலோனன் என்பவர் அதற்குப் பதிலாகத்தான் எஸ்எஸ்எச்சை எழுதினார். கிட்ஹப்பும் 2021 ஓகஸ்ட் 13இலிருந்து, கோட் அனுப்ப அக்கவுண்ட் பாஸ்வேர்ட் செல்லாது என்று நிறுத்திவிட்டது. சாவி வேண்டும், இல்லாவிட்டால் டோக்கன் வேண்டும். திருடனுக்குப் பயந்து உலகம் 26 வருடம் நடந்து வந்த பாதை இது. நாங்கள் என்ன செய்கிறோம்? அந்தச் சாவியையே குரூப்பில் போடுகிறோம்!

"நாங்க எல்லாரும் ஒரே ஊர் ஆக்கள்தானே, நம்பிக்கைதானே" என்று ஒரு பதில் வரும். எனக்கும் அயல் வீட்டார் மேல் நம்பிக்கை உண்டு. அதற்காக வீட்டுச் சாவியைக் கொப்பி அடித்து உக்குவளையிலிருந்து கலேவெல வரைக்கும் பங்கு வைப்பதில்லை. குரூப்பில் இருப்பவர் நல்லவராகவே இருக்கலாம். அவருடைய ஃபோன் ரிப்பேர் கடைக்குப் போகும், தம்பி தங்கச்சி கைக்குப் போகும். சாவி ஓர் அமானிதம். அமானிதத்தை ஃபோர்வர்ட் பண்ண முடியாது.

"அப்படி யாரும் பார்த்திருக்க மாட்டாங்க" என்பது அடுத்த பதில். 2023 மார்ச்சில் கிட்ஹப் நிறுவனத்தின் சொந்தச் சாவி ஒன்றே கொஞ்ச நேரம் பொது இடத்தில் வெளிப்பட்டுவிட்டது. யாரும் அதைத் தவறாகப் பாவித்ததாகத் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே, மார்ச் 24இல் அந்தச் சாவியை மாற்றினார்கள். உலகம் முழுக்கப் பல பேருடைய கணனியில் எச்சரிக்கை வந்தது, வேலை தடைப்பட்டது. அப்படியிருந்தும் மாற்றினார்கள். வெளியே போன சாவி சாவியே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

"எங்கட பிள்ளைகள்ட வீட்டுல கணனியே இல்ல சேர்" என்பது மட்டும் நியாயமான பேச்சு. அதற்கும் விடை ஒரே சாவி அல்ல. கிட்ஹப்பில் அக்கவுண்ட் திறக்கக் காசு இல்லை. ஆளுக்கொரு அக்கவுண்ட் திறந்து கொடுங்கள். லேபிலோ கடையிலோ பொதுக் கணனியில் வேலை செய்தால் அங்கே சாவியை விட்டு வரக் கூடாது. வேலை முடிந்ததும் கோப்பை அழித்து, கிட்ஹப் செட்டிங்ஸில் அந்தப் பூட்டையும் கழற்றிவிட வேண்டும். சொந்தக் கணனி இருந்தால் ஈடி25519 வகைச் சாவி ஒன்று உருவாக்க ஐந்து நிமிடம் போதும். உருவாக்கும்போது 'பாஸ்ஃபிரேஸ்' கேட்கும். சும்மா என்டரைத் தட்டாமல் ஒன்று கொடுங்கள், கோப்பு களவு போனாலும் கள்ளனுக்கு உடனே உதவாது. இரண்டு கணனி என்றால் இரண்டு சாவி. ஒன்று தொலைந்தால் அதன் பூட்டை மட்டும் கழற்றினால் போதும், மற்றது வேலை செய்யும்.

இதை ஏன் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன்? 2004 சுனாமி நேரத்தில் இந்த நாட்டுப் பிள்ளைகள் எழுதிய 'சஹானா' என்ற மென்பொருள் அடுத்த வருடம் பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் போய் உதவியது. திறந்த மூல மென்பொருளில், எழுதியவர் பெயரைப் பார்த்துத்தான் மதிப்பு. எந்த ஊர், யாருடைய மகன் என்று கேட்பதில்லை. மாத்தளையில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு அதைவிட நேரான வழி இல்லை. அந்தப் பெயரையே அவனுக்கு இல்லாமல் செய்துவிட்டு, என்ன படிப்பித்தோம் என்று சொல்வது?

பெற்றோரே, காசு கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். என் பிள்ளைக்குத் தனி அக்கவுண்ட் இருக்கிறதா? அதன் ஈமெயில் பிள்ளையுடையதா? சாவி யார் கையில்? மூன்றுக்கும் ஒழுங்கான பதில் இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

படிப்பிக்கும் சகோதரர்களே, குரூப்பில் சாவி போட்டிருந்தால் இன்றைக்கே அதைக் கழற்றுங்கள். மெசேஜை டிலீட் பண்ணுவது போதாது.

அந்தத் தம்பி முதல் ஃபைலில் இருந்து திரும்ப எழுதத் தொடங்கியிருக்கிறான். இந்த முறை அவனுடைய பெயரில், அவனுடைய சாவியில். துஆச் செய்யுங்கள்.