இருதயத்தின் பெயரால் ஒரு குவளை

“சிறிது மது இருதயத்துக்கு நல்லது” என்னும் கூற்று எமது விடுதிகளிலும் விருந்துகளிலும் வேதவாக்காகவே வழங்கிவருகின்றது. குடிப்பவர் குடிக்கட்டும், அது அவரவர் விருப்பு. அறிவியலைத் துணைக்கழைத்துக் குடிப்பதையே யாம் கண்டிக்கின்றோம்.

இக்கூற்றுக்குப் புகழ் தேடித் தந்தது பிரான்சு. கொழுப்புணவை மிகுதியாக உண்ணும் அந்நாட்டவரிடையே மாரடைப்புக் குறைந்திருப்பதற்குத் திராட்சை மதுவே காரணமாகலாம் என 1991இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று பரப்பிற்று. அங்கு செந்நிற மதுவின் விற்பனையும் உடனே பெருகிற்று.

ஆயின், அளவாகக் குடிப்போரையும் குடியாதோரையும் ஒப்பிட்ட முறையிலேயே பழுதிருந்தது. பிரித்தானியாவின் 24 நகரங்களைச் சேர்ந்த நடுவயது ஆண்கள் 7,735 பேரை ஆராய்ந்த ஷேப்பர் குழுவினர் 1988இலேயே இதனைச் சுட்டிக்காட்டினர். “குடியாதோர்” எனக் கணக்கிடப்பட்டோரிற் பலர் முன்னர் குடித்து, நோயுற்றமையால் நிறுத்தியவர்கள்! நோயாளரை ஒரு தட்டில் ஏற்றிவைத்து, மறுதட்டில் இருப்பவனைச் சுகதேகி என்பது என்ன தராசு? கலைப்பீடத்தானுக்கு மருத்துவம் எதற்கு என்பாருமுளர். ஒப்பீட்டின் நேர்மையை ஆராய மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை.

சீனாவில் ஏறக்குறைய 5 இலட்சம் பேரிடையே நிகழ்த்தப்பெற்று 2019இல் வெளிவந்த ஆய்வு, குடியைத் தாங்கவொட்டாத மரபணுவை அளவுகோலாகக் கொண்டது. மதுசாரம் கூடக்கூடக் குருதி அமுக்கமும் பாரிசவாதமும் கூடின. மாரடைப்பு குறைந்ததாகத் தெரியவில்லை.

மாரடைப்பு ஒன்றுதானா இருதய நோய்? நெடுங்காலப் பெருங்குடியால் இருதயத்தசை தளர்ந்து, அறைகள் விரிந்து, குருதியை உந்தும் வலு குன்றுகின்றது. மேலறைகள் ஒழுங்கிழந்து துடிக்கும் நோயையும் குடி தூண்டுகின்றது. அந்நோயுடைய குடிப்பழக்கத்தினர் 140 பேரை அவுஸ்திரேலிய வைத்தியர்கள் இரு கூறாக்கினர். குடியைக் கைவிடுமாறு பணிக்கப்பட்ட 70 பேரில் 37 பேருக்கும், வழமைபோற் குடித்த 70 பேரில் 51 பேருக்கும் ஆறு மாதங்களுள் நோய் மீண்டது. 2020இல் வெளிவந்த முடிபு இது. எந்த அளவு மதுவும் இருதயத்துக்கு நன்றன்று என உலக இருதயக் கூட்டமைப்பு 2022இல் அறிவித்தது.

இன்னும் ஐயுறுவோர்க்கு ஒன்று. நாளொன்றுக்கு ஒரு குவளையின் நன்மையைச் சோதிக்க 7,800 பேரைக் கொண்டு அமெரிக்காவில் ஓர் ஆய்வு திட்டமிடப்பட்டது. செலவிற் பெரும்பகுதியை ஏற்றோர் மதுபான முதலாளிகள். அவர்களிடம் அதிகாரிகளே பணம் கோரியமை வெளிப்பட, 2018இல் அவ்வாய்வு கைவிடப்பட்டது. எவருடைய இருதயத்தின்பாற் கொண்ட அன்பினால் அம்முதலாளிகள் பையை அவிழ்த்தனர்?