படம் ஏறாவிட்டால் கூலி இல்லையா?

ஊரக வேலை உறுதித் திட்டத்தில் தொழிலாளர்களின் வருகையைப் பதிவு செய்யும் கைப்பேசிச் செயலி தவறாகப் பயன்படுத்தப்படுவதாக, 2025 ஜூலை 8 அன்று மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒப்புக்கொண்டுள்ளது. வேலைக்குத் தொடர்பற்ற படங்கள், படத்தையே படமெடுத்து ஏற்றுதல், ஒரே ஆட்கள் பல வருகைப் பட்டியல்களில் இடம்பெறுதல் என முறைகேடுகளை அது வரிசைப்படுத்துகிறது. இனி ஊராட்சி மட்டத்தில் எல்லாப் படங்களையும் ஊழியர்களே சரிபார்க்க வேண்டுமாம்.

2021 மே மாதம் அறிமுகமாகி, 2023 ஜனவரி 1 முதல் தனிநபர் பணிகள் நீங்கலாக எல்லாப் பணித்தளங்களிலும் கட்டாயமாக்கப்பட்ட செயலி இது. வெளிப்படைத்தன்மைக்காக என்றார்கள். மனிதர்களைக் கண்காணிக்க வந்த இயந்திரத்தைக் கண்காணிக்க இன்று மனிதர்களைத் தேடுகிறார்கள்.

இடைப்பட்ட காலத்தில் இழப்பைச் சுமந்தவர்கள் யார்? நாளொன்றுக்கு இருமுறை இடக்குறியீட்டுடன் படம் ஏற்றப்பட வேண்டும். ஜார்க்கண்டின் காட்டுக் கிராமத்திலோ ஒடிசாவின் மலைச்சரிவிலோ சிக்னல் கிடைக்காவிட்டால், அன்று வெட்டிய மண்ணுக்குக் கணக்கில்லை. அளவுப்படி வேலையை முடித்துவிட்ட பெண்ணும் இரண்டாவது படத்துக்காக வெயிலில் காத்திருக்க வேண்டும்.

இதைத் தாண்டினாலும் அடுத்த வாயில் உண்டு. 2024 ஜனவரி 1 முதல் ஆதார்வழிக் கூலி கட்டாயமாக்கப்பட்டது. வேலை அட்டையும் வங்கிக் கணக்கும் ஆதாருடன் பொருந்த வேண்டும். பெயரில் ஓரெழுத்து பிசகினாலும் கூலி நின்றுபோகும். வேலை முடிந்த 15 நாட்களுக்குள் கூலி தரவேண்டும் என்றது 2005ஆம் ஆண்டுச் சட்டம். சட்டம் தந்த உரிமையைச் செயலியும் சுற்றறிக்கையும் பறிக்கின்றன.

தேவைக்கேற்ப வேலை தரவேண்டிய இத்திட்டத்துக்கு 2024-25இல் ஒதுக்கிய அதே 86,000 கோடி ரூபாயையே 2025-26க்கும் ஒதுக்கியது ஒன்றிய அரசு. நிதியைக் கூட்ட மனமில்லாத அரசுக்கு, தொழிலாளியின் பெயரைக் கழிக்கும் எந்தத் தடையும் வசதியானதே.

நாம் கணினிக்கும் இணையத்துக்கும் எதிரிகள் அல்லர். இணையத்தில் வெளியிடப்படும் வருகைப் பட்டியல்களையும் கூலி விவரங்களையும் கொண்டுதான் கூலித் தாமதத்தின் அளவைத் தொழிலாளர் அமைப்புகள் அம்பலப்படுத்தின. அரசின் கணக்கை மக்கள் பார்ப்பதற்குப் பயன்படும் இணையம் ஜனநாயகத்தின் கருவி. உழைப்பவரை மட்டும் உற்றுப்பார்க்கும் இணையமோ கங்காணியின் கண்.

பணித்தளத்தில் அனைவரும் பார்க்கத்தக்க காகித வருகைப் பட்டியல் மீண்டும் வரவேண்டும். ஆதார்வழி அல்லாமலும் வங்கிக் கணக்கில் கூலி பெறும் உரிமை வேண்டும். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு கிராம சபைக்கு அளித்த சமூகத் தணிக்கை முறையாக நடைபெற வேண்டும்.

தோழர்கள் பணித்தளங்களுக்குச் செல்ல வேண்டும். வேலை செய்தும் கூலி பதிவாகாத நாட்களைப் பெயர்வாரியாகத் தொகுத்து, ஆகஸ்ட் 15 கிராம சபைகளில் முன்வைக்க வேண்டும். செயலி பதிவு செய்யத் தவறிய உழைப்பை மக்கள் மன்றத்தில் பதிவு செய்வோம்.