கிலோவாட்டைக் கேட்டு சர்வோ வாங்காதீங்க சாமிகளா!

சர்வோ ட்ரைவ் வாங்கப் போறவங்க பலபேர் கேக்குற கேள்வி ரெண்டே ரெண்டுதான். "எத்தனை கிலோவாட்? என்ன ரேட்டு?" ஏதோ தண்ணி மோட்டார் வாங்குற மாதிரி. (தண்ணி மோட்டாருக்குக்கூட கிணத்து ஆழம் கேப்பாங்கய்யா!)

இப்ப மூணாவதா ஒண்ணு சேர்ந்திருக்கு: "என்கோடர் எத்தனை பிட்?" 23 பிட்டுன்னா ஒரு சுத்துக்கு 83,88,608 எண்ணிக்கை. 5 மி.மீ. பிட்ச் பால் ஸ்க்ரூல மாட்டினா ஒரு எண்ணிக்கைக்கு 0.6 நானோமீட்டர் வருது. சரி, அந்த ஸ்க்ரூ நட்டுல 20 மைக்ரான் ஆட்டம் இருந்தா? என்கோடர் உக்காந்திருக்கிறது மோட்டாரோட முதுகுல. டேபிள் எங்க நிக்குதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? பிட் அதிகமா இருந்தா மெதுவான வேகத்துல ஓட்டம் வழவழன்னு இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா அதையே துல்லியம்னு சொல்லி விக்கிறது அநியாயம்.

கேக்க வேண்டியது வேற. லோடோட இனர்ஷியா எவ்வளவு, எத்தனை மில்லிசெகண்டுல வேகம் பிடிக்கணும், நிமிஷத்துக்கு எத்தனை தடவை நிக்கணும். 750 வாட், 3000 ஆர்.பி.எம். மோட்டார்னா தொடர்ந்து தரக்கூடிய டார்க் சுமார் 2.4 நியூட்டன் மீட்டர். பெரும்பாலும் அதைப்போல மூணு மடங்கு வரைக்கும் முக்கும், ஆனா சில விநாடிதான். மொத்தச் சுழற்சிக்கும் ஆர்.எம்.எஸ். டார்க் அந்த 2.4க்குள்ள அடங்குதான்னு பாக்கணும். ஒரு பக்கக் கணக்கு அது. அதைப் போடாம, "எதுக்கும் ஒரு சைஸ் பெருசா போட்டுடுங்க"ன்னு அடுத்தவன் காசுல தாராளம் காட்டுறாங்க.

பிரேக் ரெசிஸ்டர் கதை இன்னும் கொடுமை. மோட்டார், லோடு ரெண்டும் சேர்த்து இனர்ஷியா 0.002 கிலோ-மீட்டர் ஸ்கொயர்னு வைங்க. 3000 ஆர்.பி.எம்.ல இருந்து நிறுத்தினா சுமார் 99 ஜூல் திரும்பி வரும். 230 வோல்ட் ட்ரைவுல டிசி பஸ் 325 வோல்ட் இருக்கும். 400ல ட்ரிப், உள்ள 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்னா அது வாங்கிக்கிறது வெறும் 27 ஜூல். உராய்வுல கொஞ்சம் போனாலும் மிச்சம் எங்க போகும்? ஓவர்வோல்டேஜ்! உடனே கமிஷனிங் ஆள் என்ன செய்வார்? நிக்கிற நேரத்தை இழுத்து விடுவார். ட்ரிப் போயிடும், கூடவே நீங்க கஸ்டமருக்கு வாக்குக் கொடுத்த நிமிஷத்துக்கு 30 பீஸும் போயிடும். கொட்டேஷன்ல அந்த ரெசிஸ்டரை விட்டுட்டு ரேட்டைக் குறைச்சுக் காட்டினவர் அப்ப ஃபோனை எடுக்கமாட்டார்.

எஸ்.டி.ஓ. இருக்கு, பாதுகாப்புக்குக் கவலையே இல்லைன்னு ஒரு கோஷ்டி. எஸ்.டி.ஓ. டார்க்கைத்தான் நிறுத்தும், புவியீர்ப்பை இல்லை. செங்குத்து ஆக்சிஸ்ல பிரேக் இல்லேன்னா லோடு கீழதான் வரும். கீழ ஒரு மனுஷன் கை இருக்கலாம்.

எனக்கு நிஜமாவே வயிறெரியிறது பூட்டு போடுற வேலையைப் பாத்துத்தான். பல கம்பெனிகள்ல மோட்டார் என்கோடர் பேசுற பாஷை அந்தக் கம்பெனி ட்ரைவுக்கு மட்டும்தான் புரியும். எனக்குத் தெரிஞ்ச ஒரு சின்னப் பட்டறையில ட்ரைவ் போச்சு. அந்த மாடல் நிறுத்தியாச்சு, மோட்டாரையும் சேர்த்து மாத்துங்கன்னு பதில் வந்துச்சு. நல்லா ஓடிக்கிட்டிருந்த மோட்டார்ங்க! 2021 சிப் தட்டுப்பாட்டுல ட்ரைவுக்காக மாசக்கணக்குல காத்திருந்தவங்களைக் கேளுங்க, இன்னொரு பிராண்டுக்குத் தாவ முடியாத வலியை அவங்க சொல்வாங்க. எண்டாட், பிஸ் மாதிரி பல கம்பெனி ட்ரைவுக்கும் புரியுற என்கோடர் இருந்தா பாதிப் பூட்டு திறந்துடும்.

"ஈதர்கேட் இருக்கே சார், எதை வேணா மாத்திக்கலாம்"னு சொல்வாங்க. கேபிள் மாறாது, நிஜம்தான். ஹோமிங், யூனிட், கம்பெனிக்குன்னே இருக்கிற பாராமீட்டர் எல்லாம் மாறும். ப்ரோக்ராமைத் தொடாம முடியாது.

அதனால அடுத்த தடவை சேல்ஸ் ஆள் வந்தா ஆர்.எம்.எஸ். டார்க் கணக்கையும், ரெசிஸ்டர் வாட்டையும், இந்த மாடலுக்கு எத்தனை வருஷம் ஸ்பேர் தருவீங்கன்னும் எழுத்துல கேளுங்க. முழிச்சார்னா ஒரு காபி குடுத்து அனுப்பிடுங்க :-)