ஒத்த ரூம் வீட்டுல எங்க ஒதுங்குறது?

தைராய்டுன்னா உடம்பு ஊதும்னுதான் ஊர்ல நினைக்கிறாங்க. அது சுரப்பு குறைஞ்சா. கூடிப்போனா நேர்மாறு. நல்லா சாப்பிட்டும் ஆள் இளைச்சுப் போவாங்க, கை நடுங்கும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், மார்கழியிலயும் வேர்க்கும். எங்க அக்காவுக்கு அப்படித்தான். மாத்திரைக்குக் கட்டுப்படல. கதிரியக்க அயோடின் குடுக்கலாம்னு டாக்டர் சொன்னார்.

அந்தப் பேரைக் கேட்டதும் சொந்தக்காரங்க எல்லாம் பயந்துட்டாங்க. பயப்பட ஒண்ணும் இல்லை. 1941-லயே அமெரிக்காவுல தொடங்கின வைத்தியம். எலிக்குக் கருவாட்டுல மருந்து வைக்கிற மாதிரிதான். சாப்பாட்டுல வர்ற அயோடினை இழுத்து வச்சுக்கிறது கழுத்துல இருக்குற தைராய்டு சுரப்பி. இதையும் அப்படியே இழுத்துக்கும். உள்ள போன அயோடின்ல இருந்து வர்ற ஒரு வகைக் கதிர் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் தூரம்தான் போகும். அளவு மீறிச் சுரக்குற இடத்தை அது அழிச்சிடும். இன்னொரு வகைக் கதிர் உடம்பைத் தாண்டி வெளியே வரும். அதனாலதான் கொஞ்ச நாள் குழந்தைங்க, கர்ப்பிணிங்க பக்கம் நெருங்காம இருக்கச் சொல்றாங்க. அந்த அயோடினோட வீரியம் 8 நாளைக்கு ஒருதரம் பாதியாக் குறையும். ஒரு பகுதி சிறுநீர்லயும் போயிடும்.

என் கேள்வி வைத்தியத்தைப் பத்தி இல்லை. கையில குடுத்த காகிதத்தைப் பத்தி. தனி அறையில படுங்க, முடிஞ்சா தனிக் கழிப்பறைன்னு அதுல இருக்கு, அதுவும் இங்கிலீஷ்ல. வீட்டுல எத்தனை ரூம்னு ஒருத்தரும் கேட்கல. அக்கா வீடு ஒரே ரூம். பேரன் பாட்டியைக் கட்டிக்கிட்டுத்தான் தூங்குவான். திரும்பி வர்றது நெரிசல் பஸ்ல, பக்கத்து சீட்டுல கர்ப்பிணி உட்கார்ந்தா என்ன பண்றது?

கடைசியில எங்க தோட்டத்து மோட்டார் ரூம்ல கட்டில் போட்டுக் குடுத்தோம். அதைப் பார்த்த ஊர் சும்மா இருக்குமா? கிராமத்துல ஒதுங்கி இருன்னா ஒட்டுவாரொட்டின்னுதான் அர்த்தம். நாள் கணக்கு முடிஞ்ச பிறகும் அக்கா கையால தண்ணி வாங்கிக் குடிக்கத் தயங்குனாங்க. நோய் குடுத்த வேதனையை விட அது பெருசு.

மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி வீட்டு நிலவரத்தைக் கேட்கணும். எத்தனை நாள், எவ்வளவு தூரம்னு தமிழ்ல, குடும்பத்தை உட்கார வச்சு சொல்லணும். இதுவும் வைத்தியத்துல ஒரு பங்குதான்.

டவுன்ல இருக்குற நீங்களும் ஒண்ணு செய்யலாம். ஊர்ல இருந்து சொந்தக்காரங்க இந்த வைத்தியத்துக்கு வந்தா கூடப் போங்க. காகிதத்தை வாசிச்சு சொல்லுங்க. கர்ப்பமா இருந்தாலோ, தாய்ப்பால் குடுத்தாலோ டாக்டர்கிட்ட முதல்லயே சொல்ல வைங்க. சின்னப் பிள்ளைங்க இல்லாத வீடுன்னா, டாக்டரைக் கேட்டுட்டு ஒரு ரூமைக் குடுங்க.

இன்னொண்ணு. சுரப்பி அடங்கின பிறகு பலருக்கு சுரப்பு ரொம்பக் குறைஞ்சிடும். ஆயுசுக்கும் தினம் ஒரு மாத்திரை போடணும். குணமாயிடுச்சுன்னு ரத்தப் பரிசோதனையை விட்டுட வேண்டாம்னும் சொல்லி அனுப்புங்க.