மொட்டை மாடிச் சாவி



வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுத்துவிட்டது. தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை நம் ஊர்களில் மாலை நேரத்தில் மேகத் தொல்லை குறைவு. வானம் பார்க்க இதைவிடத் தோதான காலம் ஆண்டில் வேறு கிடையாது. அதனால் இந்த மாதம் உங்களிடம் ஒன்று கேட்கப்போகிறேன். ஒரு நாள் மாலை, விளக்கு வைத்த பிறகு, வீட்டில் உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். தலைக்கு மேலே செயற்கைக்கோள்கள் போவதைப் பாருங்கள். டெலஸ்கோப் வேண்டாம், பைனாகுலர்கூட வேண்டாம்.

வெறும் கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்பவர்கள்தான் அதிகம். தெரியும். நமக்குச் சூரியன் மறைந்து இருட்டிய பிறகும், 400 கிலோமீட்டர் உயரத்தில் வெயில் அடித்துக்கொண்டுதான் இருக்கும். அந்த வெயில் பட்டு மின்னுவதைத்தான் நாம் கீழே இருட்டில் நின்று பார்க்கிறோம். சூரியன் மறைந்து ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் ஆனதும் நம் தலைக்கு நேர்மேலே அந்த உயரம்வரை பூமியின் நிழல் ஏறிவிடும். பிறகு தாழ்வாகச் சுற்றுபவை உச்சியில் தெரியாது. விடியற்காலையில் இதே கணக்குத் தலைகீழாக வரும். ஐரோப்பாவின் வடபகுதியில் கோடைக்காலத்தில் இரவு முழுக்கப் பார்க்கலாம் என்பார்கள். நமக்கு அந்த வசதி இல்லை என்றாலும், நமக்கு வாய்த்திருப்பது மாலை ஆறே முக்காலிலிருந்து ஏழரை வரை. பிள்ளைகள் விழித்திருக்கும் நேரம். சாப்பாட்டுக்கு முந்தைய நேரம். குறையொன்றும் இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது சர்வதேச விண்வெளி நிலையம். 1998-ல் கட்டத் தொடங்கியது. 2000 நவம்பர் 2 முதல் ஒருநாள்கூட ஆளில்லாமல் இருந்ததில்லை. 109 மீட்டர் நீளம், அதாவது ஒரு கால்பந்து மைதானத்தின் அளவு. மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகம். சென்னையில் இருப்பவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் வானத்தில் ஏறக்குறைய பத்து டிகிரி. விண்வெளி நிலையம் மும்பைக்கு மேலே பறக்கும்போதே நமக்கு வடமேற்கு அடிவானத்திலிருந்து ஒன்றரை முஷ்டி உயரத்தில் அது தெரியும். அப்போது சாதாரண நட்சத்திரம்போல்தான் இருக்கும். ரயிலில் ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும் அந்தத் தூரத்தை அது இரண்டரை நிமிடத்துக்குள் கடந்துவிடும். உச்சியை நெருங்க நெருங்க ஒளி கூடி, வியாழனைத் தாண்டி, சில நாட்களில் வெள்ளியோடு போட்டி போடும். சத்தம் இருக்காது, சிமிட்டல் இருக்காது. சிவப்பு, பச்சை விளக்கு சிமிட்டினால் அது விமானம். ஒரே வேகத்தில் வழுக்கிக்கொண்டு தென்கிழக்கே இறங்கும்போது, வெண்மையில் லேசாகச் செம்மஞ்சள் ஏறும். சில நொடிகளில் வானத்தின் நடுவிலேயே அணைந்துவிடும். அடிவானம் இன்னும் எவ்வளவோ கீழே இருக்கும். பூமியின் நிழலுக்குள் போய்விட்டது என்று பொருள். உள்ளே இருப்பவர்களுக்கு அது அன்றைய பதினாறு சூரிய அஸ்தமனங்களில் ஒன்று.

2025 ஜூன் 26 முதல் ஜூலை 14 வரை அந்த ஒளிப்புள்ளிக்குள் நம் நாட்டவர் ஒருவர் இருந்தார், சுபான்ஷு சுக்லா. 1984-ல் சோவியத்தின் சல்யூத் 7 நிலையத்துக்குப் போன ராகேஷ் சர்மாவுக்குப் பிறகு பூமியைச் சுற்றும் பாதைக்குச் சென்ற இரண்டாவது இந்தியர் அவர். அந்தப் பெயர்களைச் செய்தித்தாளில் படிப்பது ஒன்று. நம் வீட்டு மாடிக்கு மேலே அந்த வெளிச்சம் போவதை நிமிர்ந்து பார்ப்பது வேறு.

எப்போது வரும் என்பதை நாசாவின் 'ஸ்பாட் தி ஸ்டேஷன்' சொல்லிவிடும். 'ஹெவன்ஸ்-அபோவ்' என்ற தளத்தில் மற்ற செயற்கைக்கோள்கள், சீனாவின் தியாங்கோங் நிலையம், விண்ணிலேயே தங்கிப்போன பழைய ராக்கெட் பாகங்கள் எல்லாவற்றுக்கும் நேரம், திசை, உயரம் கிடைக்கும். விண்வெளி நிலையம் சில நாட்கள் தொடர்ந்து மாலையில் வரும், பிறகு கொஞ்ச நாள் காணாது, அப்புறம் விடியற்காலையில் தலைகாட்டும். காணோமே என்று விட்டுவிடாதீர்கள்.

எங்கள் குடியிருப்பில் நாலாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி இதற்கென்றே ஒரு ரஃப் நோட்டு வைத்திருக்கிறாள். தாத்தா கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவள் எழுதுவாள்: எத்தனை மணிக்கு எதிர்வீட்டு வேப்பமரத்துக்கு மேலே வந்தது, எந்த நட்சத்திரத்தை ஒட்டிப் போனது, எங்கே மறைந்தது. பிறகு அலைபேசியில் போட்டிருந்த நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள். "தாத்தா, நாலு செகண்டுதான் வித்தியாசம்!" என்று அவள் கூவியது கீழ்த்தளம்வரை கேட்டது. எங்கோ யாரோ போட்ட கணக்கு, தன் கண்ணெதிரே நொடி சுத்தமாகப் பலிக்கிறது. அறிவியல் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல முதல் பாடம் எந்தப் புத்தகத்திலும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அந்த நோட்டை விளையாட்டு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1957 அக்டோபர் 4-ல் ஸ்புட்னிக் போனபோது, அதைப் பின்தொடர முதலில் கைகொடுத்தவர்களில் சாதாரணப் பொதுமக்கள் ஏராளம். அமெரிக்க வானியலாளர் ஃப்ரெட் விப்பிள் 'மூன்வாட்ச்' என்ற பெயரில் ஆசிரியர்கள், மாணவர்கள், இல்லத்தரசிகள் என்று தன்னார்வலர்களைப் பல நாடுகளில் திரட்டி வைத்திருந்தார். (ஸ்புட்னிக் என்று ஜனங்கள் அன்று பார்த்தது பெரும்பாலும் 58 சென்டிமீட்டர் உருண்டையை அல்ல, அதைத் தூக்கிச் சென்ற ராக்கெட்டின் உடலை.) செயற்கைக்கோள்களைப் படமெடுக்க அடுத்து வந்த பெரிய கேமராக்களில் ஒன்று நம் நைனிதாலில் நிறுவப்பட்டது. இங்கிலாந்தில் டெஸ்மண்ட் கிங்-ஹீல், செயற்கைக்கோள்களின் பாதை மெல்ல மெல்ல மாறுவதை வைத்துப் பூமியின் வடிவத்தையும் மேல் வளிமண்டலத்தின் அடர்த்தியையும் கணக்கிட்டார். வீட்டுத் தோட்டத்தில் பைனாகுலரும் ஸ்டாப்வாட்சுமாக நின்றவர்களின் குறிப்புகளும் அந்தக் கணக்கில் சேர்ந்தன.

எனக்கு மிகவும் பிடித்தது கெட்டரிங் பள்ளியின் கதை. இங்கிலாந்தின் அந்தச் சிறிய ஊரில் ஜெஃப்ரி பெர்ரி என்ற இயற்பியல் ஆசிரியர், ஒரு ரேடியோ ரிசீவரை வைத்துக்கொண்டு, மாணவர்களோடு சேர்ந்து சோவியத் செயற்கைக்கோள்களின் சிக்னலைக் கேட்டு நேரம் குறித்து வந்தார். 1966 மார்ச்சில் ஏவப்பட்ட காஸ்மாஸ் 112 வழக்கமான ஏவுதளமான பைக்கனூரிலிருந்து கிளம்பியிருக்க முடியாது என்று அந்தக் குறிப்புகள் காட்டின. அதே ஆண்டில் அடுத்தடுத்து வந்தவற்றின் பாதைகளையும் வரைபடத்தில் பின்னோக்கி நீட்டிப் பார்த்தார்கள். கோடுகள் வடக்கே பிளெசெட்ஸ்க் பக்கம் போய்ச் சந்தித்தன. வெளியுலகுக்குச் சொல்லாமல் சோவியத் அரசு கட்டியிருந்த ராக்கெட் தளம் அது. அந்த அரசு அதை அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டது 1983-ல்தான். பள்ளிப் பிள்ளைகள் பதினேழு ஆண்டுகள் முன்பே சொல்லிவிட்டார்கள்.

மகிழ்ச்சியான செய்தியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்த மனம் வரவில்லை. 2019 மே மாதம் இணையச் சேவைக்கான ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் 60 ஒரே ராக்கெட்டில் ஏறிப் போயின. வரிசையாக ஒளிப்புள்ளிகள் ஊர்ந்து போவதைப் பார்த்துப் பல நாடுகளில் மக்கள் பயந்தே போனார்கள். இப்போது அவை ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. மற்ற நிறுவனங்களும் கிளம்பியிருக்கின்றன. கம்பி போகாத ஊருக்கும் இணையம் வரும் என்பது நல்ல விஷயம்தான். ஆனால் பெரிய டெலஸ்கோப்புகள் எடுக்கும் படங்களில் கோடு கோடாக இவை குறுக்கே விழுகின்றன. இந்தத் தொல்லையைக் கவனிக்கவே சர்வதேச வானியல் ஒன்றியம் 2022-ல் தனி மையம் தொடங்க வேண்டி வந்தது. வானம் எல்லோருக்கும் பொது. அதில் எத்தனை விளக்கு ஏற்றலாம் என்பதைச் சில நிறுவனங்கள் மட்டும் முடிவு செய்வது சரியல்ல என்பதே என் கருத்து.

இன்னொரு செய்தியும் உண்டு. சர்வதேச விண்வெளி நிலையத்தை 2030 வரை இயக்கிவிட்டு, அதன்பின் ஆளில்லாக் கடற்பரப்பில் இறக்கிவிட நாசா திட்டமிட்டிருக்கிறது. நம் வீட்டுக் குழந்தைகள் அதைப் பார்க்க இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன.

ஆனால் நம் நகரங்களில் இதற்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் வானமோ மேகமோ அல்ல, பூட்டு. பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மொட்டை மாடிக் கதவு ஆண்டு முழுக்கப் பூட்டியே கிடக்கிறது. சாவி யாரிடம் இருக்கிறது என்றே பலருக்குத் தெரியாது. பாதுகாப்புக்காக என்கிறார்கள், அந்தக் கவலை நியாயமானது. பெரியவர்கள் கூடவே இருக்கட்டும், கைப்பிடிச் சுவர் ஓரம் பிள்ளைகளை விட வேண்டாம். இவ்வளவு செய்தால் மாதத்தில் ஒரு மாலை கதவைத் திறந்து வைப்பதில் என்ன தடை? குடியிருப்புச் சங்கச் செயலாளர்களாக இருக்கும் வாசகர்களிடம் இதைத் தனியே கேட்டுக்கொள்கிறேன். அந்த அரை மணி நேரம் மாடி விளக்கையும் அணைத்து வையுங்கள். தலைமையாசிரியர்களாக இருப்பவர்கள், ஊரில் ஒரு நல்ல நாளைத் தேர்ந்தெடுத்துப் பிள்ளைகளைப் பெற்றோருடன் பள்ளி மைதானத்துக்கு வரச் சொல்லுங்கள்.

பார்த்தவர்கள் எங்களுக்கு எழுதுங்கள். தேதி, ஊர், எந்தத் திசையில் எத்தனை மணிக்குத் தெரிந்தது, எங்கே மறைந்தது என்ற நான்கும் போதும். ஒரே நாளில் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் பார்த்தவர்களின் குறிப்புகள் கிடைத்தால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அது போன பாதையை நாமே வரைந்துவிடலாம். பிள்ளைகள் எழுதியதைத் திருத்தாமல் அப்படியே அனுப்புங்கள். வந்தவற்றை ஊர்வாரியாக வெளியிடக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்